ஒரு டிராக்டர், இரண்டு ஹாரோ

மாமனார் செத்த கையோடு அவர் பிள்ளைகள், அண்ணனும் தம்பியும், எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிலத்தை நீளவாக்கில் நடுவே கிழித்து, ரிப்பன் மாதிரி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வற்றிப்போன கிணற்றைக்கூட விடவில்லை. அதிலும் பாதிப் பாதி. டிராக்டரை மட்டும்தான் வெட்ட முடியவில்லை. வெட்ட வழி இருந்திருந்தால் ஆளுக்கொரு பின்சக்கரம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று பெரியவன் பெண்டாட்டி நினைத்தாள். அந்தப் பின்சக்கரத்தையும் இவளிடம் கொடுத்துத்தான் உருட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள்.

டிராக்டர் பொதுவாயிற்று. பேச்சு நின்று போயிற்று. என்ன சண்டை என்று கேட்டால் இருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லைக்கல் நடும்போது ஒருவன் கயிற்றை இழுத்துப் பிடித்தான், இன்னொருவன் தளர்த்திப் பிடித்தான், அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்கள் ஒருவருக்கொருவர் திறக்கவே இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் பெரியவன் பக்கத்தில் நீலப் பெயிண்டும் சின்னவன் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டும் அடித்தார்கள். பெயிண்ட் டப்பா வாங்க இருவரும் ஒரே கடைக்கு, ஒரே நாள், தனித்தனியாகப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹாரோ வாங்கினார்கள். உழுது போட்ட மண்ணில் கட்டி கட்டியாகக் கிடப்பதை வெட்டிப் பொடியாக்குகிற கருவி அது. இரும்புச் சட்டிகளை வரிசையாகக் கோத்து, இரண்டு வரிசையைச் சாய்த்து வைத்திருக்கும். டிராக்டர் இழுக்க இழுக்கச் சட்டிகள் உருண்டு மண்ணைப் புரட்டும். அப்பா வைத்திருந்த பழையது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஒன்று புதிதாக வாங்கினால் இரண்டு துண்டுக்கும் தாராளமாகப் போதும். அது எந்த மடையனுக்கும் தெரியும். இவர்கள் மடையர்களுக்கும் ஒருபடி கீழே என்பதால் இரண்டு வாங்கினார்கள்.

பெரியவன் வாங்கியது இழுவை ஹாரோ. ஆஃப்செட் என்பார்கள். முன்வரிசைச் சட்டி மண்ணை ஒரு பக்கம் தள்ளும், பின்வரிசை அதைத் திருப்பித் தள்ளும். படு பாரமாக இருக்கும். கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், தூக்க முடியாது. சின்னவன் வாங்கியது டேண்டம். டிராக்டர் பின்னால் லிஃப்டில் மூன்று இடத்தில் மாட்டி, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம். லேசானது. இரண்டும் ஒரே கொட்டகையில், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அதுகளையும் அப்படி நிறுத்தி வைத்தவர்கள் இவர்கள்தான்.

இரண்டு பேரும் கொட்டகையில் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு பேசுவதைக் கேட்க வேண்டுமே!

"இவளே, அவன்கிட்ட சொல்லு. அது ஹாரோ இல்ல, தலை சீவுற சீப்பு. காத்தடிச்சா மேல மிதக்கும். மண்ணுல எங்க இறங்குது?"

"அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க. வெயிட் வெச்சா இறங்கும். அதுக்குத்தான் மேல ஃபிரேம் குடுத்திருக்கான். அவரோடது இறங்கினா ஏறாது. யானையை வாங்கிட்டு வந்து கட்டி வெச்சிருக்காரு, நம்ம டிராக்டருக்கு அதை இழுக்க மூச்சு வேணாமா?"

"அவனோடது நடுவுல ஒரு பட்டை மண்ணை வெட்டாமலே விட்டுட்டுப் போகும்னு சொல்லு. முன்சட்டி ரெண்டும் ரெண்டு பக்கம் தள்ளுது, நடுவுல என்ன இருக்கு? பெப்பே."

"அவரோடது இடது பக்கம் மட்டும்தான் திரும்பும்னு சொல்லுங்க அண்ணி. வலது பக்கம் திரும்பினா மண்ணுல குத்தி நிக்கும். கடைக்காரரே சொன்னாரு. ஒரு பக்கம் மட்டும் திரும்புற வண்டியை யாராவது வாங்குவாங்களா?"

அவள் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் காதில் விழுவதற்கு முன்பே அவனவன் காதில் விழுந்துவிடுகிறது. ஆனாலும் 'சொல்லு', 'சொல்லுங்க' என்று நடுவில் இவளை நிறுத்தி வைத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. கையில் அலசிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, இந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் நடுவில் டெலிபோன் கம்பமாக நிற்கிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேச்சில் மட்டுமில்லை, வேலையிலும் அவள்தான் நடுவில். ஹாரோவை டிராக்டரில் மாட்ட ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டும். ஓட்டுகிறவன் பின்னால் எடுப்பான். நிற்கிற ஆள் டிராக்டருக்கும் ஹாரோவுக்கும் இடையில் புகுந்து, துளையும் துளையும் சேர்கிற சமயத்தில் இரும்புப் பின்னைச் சொருக வேண்டும். கிளட்ச்சில் கால் வழுக்கினால் நிற்கிற ஆள் நசுங்கிப்போவார். சின்னவன் பெண்டாட்டி துணி மில்லுக்கு வேலைக்குப் போகிறவள், கிரீஸ் வாடை பட்டாலே தும்முவாள். அதனால் இரண்டு பேருக்கும் இவள்தான் பின் போட்டாள். உயிரைக் கொடுத்துப் போட்டாள் என்றே சொல்லலாம். இரண்டு பேரில் ஒருவனாவது திரும்பி, அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒருநாள் பார்த்ததில்லை. "ஆச்சா?" என்பார்கள். "ஆச்சு" என்றால் கியரைப் போட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் மழை போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. வானம் இருட்டும், காற்று வரும், கலைந்து போகும். பெரியவன் வெறும் வயிற்றில் டீயைக் குடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மேகத்தைத் திட்டினான். செங்கல் சூளைக்காரர் மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை வந்து போனார். நல்ல களிமண் கலந்த மண், மேல்மண்ணைக் கொடுத்துவிடுங்கள், ஆள் உயரத்துக்குத் தோண்டிக்கொள்கிறோம் என்றார்.

"இந்த மழைக்கு விதைக்கறேன். விதைக்கலைன்னா அள்ளிக்கோங்க" என்று பெரியவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மண்ணை மண்ணாக்கியவள் அவள். கல்யாணமாகி வந்தபோது அது காலில் குத்துகிற கட்டாந்தரை. சாணியும் சருகும் சாம்பலும் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டியிருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு கொட்டியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு பிடி எடுத்துப் பிசைந்தால் கேக் மாதிரி உதிர்கிறதே, அது சும்மா வந்ததா? அதை அள்ளிச் சூளையில் போட்டுச் சுடுவானாம். வாக்குக் கொடுத்தானாம் வாக்கு. அன்றைக்கு அவள் அவனுக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்காமல் போய்விட்டாள்.

கடைசியில் மழை வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டு விடியும்போது நின்றது. ஒருநாள் உலரவிட்டு, ஈரம் கையில் ஒட்டாமல் உருண்டை பிடிக்கிற பதத்தில் ஹாரோ ஓட்டி உடனே விதைத்துவிட வேண்டும். பதம் தப்பினால் வெயில் ஏறிக் கட்டியெல்லாம் கல்லாகிவிடும். பிறகு இன்னொரு மழைக்கு எங்கே போவது?

மூத்தவன் என்பதால் பெரியவனுக்குத்தான் டிராக்டர் முதலில். அவள் பின் போட்டாள். "ஆச்சா?" "ஆச்சு." அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யானையை இழுத்துக்கொண்டு போனான். எல்லைக்கு அந்தப் பக்கம் சின்னவன், தன் வேலையை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கவென்றே கைகட்டி நின்றான்.

முதல் கோடு நன்றாகத்தான் போயிற்று. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஹாரோ வெட்டுகிற வெட்டே தனி. கட்டிகள் மாவாகப் பின்னால் விழுந்தன. டிராக்டர்தான் புகையைக் கக்கிக்கொண்டு திணறியது. கோடு முடிகிற இடத்தில் திரும்ப வேண்டும். இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். நிலம் முழுசாக இருந்த காலத்தில் வளைக்க வேண்டிய மட்டும் இடம் இருந்தது. இப்போது இருப்பது ரிப்பன். இடது பக்கம் வளைத்தால் முன்சக்கரம் நீலம் சிவப்புக் கல்லைத் தாண்டித் தம்பி மண்ணில் இறங்கித்தான் ஏறும். இறங்கினால் என்ன? மண் வலிக்கிறது என்று அழுமா?

சின்னவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கல்லைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், லேசாகச் சிரித்தான்.

பெரியவன் வலது பக்கம் ஒடித்தான்.

"என்னங்க, வேண்டாங்க!" என்று அவள் கத்தினாள். அவன் காதில் விழுந்தது. காதில் விழுந்ததனால்தான் இன்னும் நன்றாக ஒடித்தான். முன்வரிசைச் சட்டிகள் மண்ணுக்குள் குத்திக்கொண்டு நின்றன. டிராக்டர் உறுமியது. ஏதோ எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சட்டிகளைக் கோத்திருந்த ஷாஃப்ட் வளைந்து, பேரிங் கூடு இரண்டாகப் பிளந்து, இரண்டு சட்டிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன.

வெல்டர் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெற்றுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதை ஒட்ட முடியாதுங்க. ஷாஃப்டே புதுசு வரணும். கம்பெனியில சொன்னா எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. வலது பக்கம் திருப்பினீங்களா?"

"மண்ணு சரியில்லை" என்றான் பெரியவன்.

மண் சரியில்லையாம்! அவளுக்கு அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அவன் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். படுத்துக்கொண்டே சூளைக்காரருக்குப் போன் போட்டான். நாளைக்குச் சாயங்காலம் வந்து அளந்துக்கோங்க, நான் குடுத்த வாக்கு மாறமாட்டேன் என்றான். குரலில் என்ன கம்பீரம்! ஒரு ஹாரோவை வளைக்கத் தெரியாதவனுக்கு வாக்கு மட்டும் வளையாதாம்.

மறுநாள் காலையில் டிராக்டர் சின்னவன் முறை. அவள் அவனுக்கும் பின் போட்டாள். பக்கத்துக்கு ஒன்று, மேலே ஒன்று. அவன் கோட்டின் முடிவில் ஹாரோவை லிஃப்டில் அலட்சியமாகத் தூக்கி, பொம்மை மாதிரித் திருப்பி, இறக்கிக்கொண்டு வந்தான். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அண்ணன் படுத்திருக்கிற வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. அவன் மண் கொஞ்சம் இளக்கமானது, பாரம் வைக்காமலே சட்டி இறங்கியது. மதியத்துக்குள் அவன் துண்டு முடிந்தது. நடுவில் ஒவ்வொரு கோட்டிலும் கையகலப் பட்டை வெட்டாமல் கிடந்ததை அவள் பார்த்தாள். பெரியவன் சொன்னது அதில் மட்டும் சரி.

"அண்ணி, பின்னை எடுத்துடுங்க. டிராக்டர் பொது. கொண்டுபோய் விட்டுடறேன்" என்றான்.

அவள் ஒரு தட்டில் அவித்த கிழங்கும் முட்டையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "மொதல்ல சாப்பிடு தம்பி."

அவன் சாப்பிட்டான். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்த தன் மண்ணைப் பார்த்தாள். கட்டிகளின் முனை வெளுக்க ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு விட்டால் போயிற்று.

"தம்பி, உன் ஹாரோவை அந்தப் பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டிடேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அவரு வந்து என்னைக் கேக்கட்டும். வாய் இருக்கில்ல?"

"இல்லேன்னா?"

"கேக்காம நான் எப்படி அவர் மண்ணுல கால் வைக்கறது? நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

அவள் அவனைப் பார்த்தாள். முட்டையின் மஞ்சள் கரு மீசையில் ஒட்டியிருந்தது. இவன் சின்னப் பையனாக இருந்தபோது இவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் அவள். கெஞ்சிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கெஞ்சினால் இன்னும் ஒரு சாண் உயர்ந்து உட்கார்வான். இத்தனை நாளாக இரண்டு பேருடைய சொல்லையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சுமந்தாளே, அதில் என்ன கண்டாள்?

"அவர் எப்படிக் கேப்பாரு?" என்றாள். "அவர்தான் சொல்லிட்டாரே."

"என்ன சொன்னாரு?"

"விடு. எதுக்கு?"

"என்ன சொன்னாருன்னு கேக்கறேன்ல?"

"உன் ஹாரோ இளகின மண்ணுல சீவுறதுக்குத்தான் ஆகுமாம். என் மண்ணுல ஓட்டினா ஒரு கோடு தாண்டாதாம். அவனால முடிஞ்சா ஓட்டிக் காட்டட்டும், நான் மீசையை எடுத்துக்கறேன்னாரு."

சின்னவன் தட்டைக் கீழே வைத்தான். "தாண்டாதா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"நான் காட்டறேன். நீங்க பாருங்க அண்ணி, ஆனா அந்த மண்ணுக்கு வெயிட் வைக்கணும். மண்மூட்டை ஏதாவது கட்டணும்."

"நீ போய் டீசல் கேனை எடுத்துட்டு வா. வெயிட் நான் பாத்துக்கறேன்."

அவன் கொட்டகைக்குப் போய் வருவதற்குள் அவள் ஓட்டமும் நடையுமாக எல்லை நெடுகப் போனாள். மழையில் ஊறின மண், ஒவ்வொரு கல்லும் ஆட்டி இழுத்ததும் பல் மாதிரிக் கழன்று வந்தது. சாக்கில் போட்டுச் சாக்கின் வாயைக் கட்டி, ஹாரோவின் மேல் ஃபிரேமில் தூக்கி வைத்துக் கயிற்றால் இறுக்கினாள். இடுப்பு ஒடிந்தது. சந்தோஷமாக ஒடிந்தது. சின்னவன் வந்து டீசலை ஊற்றிவிட்டு ஏறினான்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தான்?

கல்லின் பாரத்தில் சட்டிகள் மண்ணுக்குள் இறங்கின. சின்னவனே எதிர்பார்க்காத அளவுக்கு இறங்கின. நீளத்தில் ஓட்டி முடித்ததும், "குறுக்கேயும் ஒரு ஓட்டு போடு தம்பி, நடுவுல விட்ட பட்டையெல்லாம் போயிடும்" என்று அவள் கத்தினாள். குறுக்கே ஓட்டினான். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும், தன் மண் அண்ணன் மண் என்று பாராமல், வெறி பிடித்தவன் மாதிரி ஓட்டினான். எல்லைக் கரையும் கல் நட்ட குழிகளும் சட்டிகளுக்குள் போய்ப் பொடியாயின.

அவள் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் சுவர் இன்னும் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, உங்க தம்பி சொல்றான்..."

"எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"சரி, வேண்டாம்."

அவள் திரும்பி வாசல் வரைக்கும் நடந்தாள்.

"என்ன சொல்றான்?"

"அவருக்கு ஓட்டத் தெரியாம உடைச்சுட்டு மண்ணுமேல பழி போடறாரு, அந்த மண்ணை என் சீப்பாலேயே சீவிக் காட்டறேன், பாத்துட்டுப் போகட்டும்னான். ஓட்டிட்டு இருக்கான்."

அவன் எழுந்த வேகத்தில் கட்டில் நகர்ந்தது. செருப்பைக்கூட மாட்டவில்லை.

அவன் நிலத்துக்கு வந்தபோது சூளைக்காரரும் வந்துவிட்டார். கூடவே மண் தோண்டுகிற ஆள் ஒருவன், தோளில் அளவுக் கயிறு. சின்னவன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"வாங்க" என்றார் சூளைக்காரர். "உங்க பாதி எதுங்க? காட்டினா அளந்துடலாம்."

பெரியவன் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஒரே நிலமாகக் கிடந்தது. கருப்பும் ஈரமுமாக, கட்டி இல்லாமல், கல் இல்லாமல், கோடு இல்லாமல். அவன் இங்கே நடந்தான், அங்கே நடந்தான், குனிந்து பார்த்தான்.

"இவளே, அவன்கிட்ட கேளு. கல்லையெல்லாம் எங்க புடுங்கிப் போட்டான்?"

"அண்ணி, நான் ஒரு கல்லையும் தொடலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"சொல்லேன்டி!"

அவள் ஹாரோ பக்கம் நடந்தாள். சூளைக்காரர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். பெரியவனுக்குப் பொறுக்கவில்லை.

"டேய்! கல் எங்கடா?" என்றான், நேராக.

"எனக்கு எப்படித் தெரியும்? உன் மண்ணுல என் ஹாரோ ஒரு கோடு தாண்டாதுன்னு சொன்னியே, மீசையை எடு இப்போ!"

"நான் எப்படா சொன்னேன்? நீதான் எனக்கு ஓட்டத் தெரியாது, சீப்பால சீவிக் காட்டறேன்னு சொல்லி அனுப்பினே!"

"நானா? நான் சொல்லவே இல்லையே!"

"நானும் சொல்லலையே!"

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்கள். அத்தனை நாளில் முதல் தடவையாக, அவள் பின்னால் என்ன செய்கிறாள் என்று பார்த்தார்கள். அவள் ஹாரோவின் மேலிருந்த சாக்குக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு சரிந்து, ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் சிவப்புமாகக் கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "ரெண்டு பேரும் சொல்லக்கூடியதுதானே? புதுசா ஒண்ணும் சேக்கலை."

சூளைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி, எது யாருதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. எல்லை தெரியாம நான் மண்வெட்டி வெச்சா நாளைக்குக் கேஸ் ஆயிடும்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார். மண் தோண்டுகிற ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினான்.

"கயித்தை நீ அன்னிக்கே இழுத்துப் பிடிச்சிருந்தா இப்ப கல்லு இல்லாமலே எல்லை தெரியும்" என்றான் பெரியவன் தம்பியிடம்.

"நீ தளர்த்தினதாலதான்..."

"நானா தளர்த்தினேன்?"

ஆரம்பித்துவிட்டார்கள். நேருக்கு நேர், எச்சில் தெறிக்க. அவர்களுக்கு நடுவில் இப்போது யாரும் நிற்கத் தேவையில்லை. சனியன் விட்டது என்று நினைத்தாள்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, மண் இன்னும் கையில் உருண்டை பிடித்தது. விதை மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து வாயை அவிழ்த்தாள். எந்தப் பக்கம் யாருடையது என்று பார்க்காமல், கால் நின்ற இடத்திலிருந்து விதைக்க ஆரம்பித்தாள்.